பீஜிங் அரண்மனையின் வூயிங் மண்டபம்: சிம்மாசனக் கூடமா, அச்சுக்கூடமா, நூதனசாலையா?

கேள்வி: ஆரையம்பதி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலை ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். என் தம்பி புலமைப்பரிசில் பெற்றுப் பீஜிங்கில் பொறியியல் படிக்கிறான். கடந்த வாரம் அங்குள்ள பழைய பேரரசர்களின் அரண்மனையான தடைசெய்யப்பட்ட நகரத்துக்குச் சென்றவன், சனநெரிசல் அதிகமில்லாத ஒரு மண்டபத்தின் படங்களை அனுப்பியிருந்தான். முன்னால் வெள்ளைக் கல்லில் மூன்று பாலங்கள், மேலே மஞ்சள் ஓட்டுக் கூரை, உள்ளே கண்ணாடிப் பேழைகளில் வரிசை வரிசையாகப் பீங்கான் பாத்திரங்கள். “அக்கா, இது வூயிங் மண்டபம். இதில் அரசன் ஒரேயொரு நாள்தான் இருந்தானாம், மிச்சக் காலமெல்லாம் புத்தகம் அச்சடித்தார்களாம்” என்று கீழே எழுதியிருந்தான்.

இதை இங்கே கேட்பதற்குக் காரணம் உண்டு. சென்ற தவணையில் தரம் 10 மாணவர்களை எங்கள் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டியதையும், 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றியதையும், பின்னர் ஆங்கிலேயர் வசமானதையும், அதன் பிறகு நெடுங்காலம் அதே மதில்களுக்குள் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரி இயங்கியதையும் சொல்லிக்கொண்டிருந்தபோது, “ரீச்சர், கட்டினவங்க போன பிறகு ஒரு கோட்டை எதுக்கு?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அப்போது நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. தம்பியின் படங்களைப் பார்த்ததும் அந்தக் கேள்வி திரும்ப வந்து நின்றது. ஆகவே இந்த வூயிங் மண்டபம் முதலில் எதற்காகக் கட்டப்பட்டது, அரசனின் வாசஸ்தலத்துக்குள் அச்சுக்கூடம் எப்படி வந்தது, அது எப்போது பொதுமக்கள் பார்க்கும் இடமாயிற்று என்பவற்றை விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால், அடுத்த தவணையில் எங்கள் கோட்டையோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மறுமொழி 1: பெரியகல்லாறு, ஓய்வுபெற்ற ஆசிரியர்

மகள், உங்கள் தம்பி எழுதியதில் பெரும்பகுதி சரி. அந்த “ஒரு நாள்” மட்டும் அரண்மனையைக் கட்டிய வம்சத்தாரின் கணக்கில் வராது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மிங் வம்சத்தின் யொங்லே பேரரசர் 1406 இல் தொடங்கி 1420 இல் முடித்த அரண்மனைத் தொகுதியில் இந்த மண்டபமும் ஒன்று. தெற்கு வாயிலிலிருந்து வடக்கே நேர்கோட்டில் பெரிய சிம்மாசன மண்டபங்கள் நிற்கின்றன. அந்தக் கோட்டின் கிழக்கே வென்ஹுவா மண்டபமும் மேற்கே வூயிங் மண்டபமும் ஒன்றுக்கொன்று சோடியாக அமைக்கப்பட்டன. முன்னதன் பெயர் கல்வியையும் பின்னதன் பெயர் வீரத்தையும் குறிக்கும். மிங் பேரரசர்கள் நோன்பிருக்கவும் அமைச்சர்களைத் தனியே சந்திக்கவும் வூயிங் மண்டபத்தைப் பயன்படுத்தினார்கள். அரசவை ஓவியர்களும் அங்கே பணியாற்றினார்கள். நாட்டின் பெரிய சடங்குகள் எல்லாம் நடுக்கோட்டு மண்டபங்களில்தான் நடந்தன.

யொங்லே என்ற பெயர் நமக்கும் அந்நியமானதல்ல. அரண்மனை வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், அவர் அனுப்பிய கடற்படைத் தளபதி செங் ஹே நமது தீவுக்குக் கொண்டுவந்த கல்வெட்டு, 1409 ஆம் ஆண்டுத் திகதியோடு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கின்றன. பீஜிங் அரண்மனையைக் கட்டுவித்தவர் தமிழில் ஒரு கல்வெட்டைப் பொறிக்கச் செய்திருக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லுங்கள். தூரத்துச் சீனம் சட்டென்று பக்கத்தில் வந்துவிடும்.

இனி அந்த ஒரு நாள். 1644 ஏப்ரல் மாதத்தில் லி சிச்செங் என்ற கிளர்ச்சித் தலைவரின் படை பீஜிங்குக்குள் நுழைந்தபோது, மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றில் உயிரை மாய்த்துக்கொண்டார். லி சிச்செங் உடனே முடிசூடவில்லை. வூ சாங்குயி என்ற மிங் தளபதி மஞ்சூரியரோடு கைகோத்து அவரை வடகிழக்கே தோற்கடித்த பிறகே, ஓடிப்போவதற்கு முன்னர் சட்டப்படி ஒருமுறையாவது பேரரசனாகிவிட வேண்டும் என்பதுபோல, ஜூன் 3 ஆம் திகதி இந்த வூயிங் மண்டபத்தில் அவசர அவசரமாக முடிசூடி, மறுநாளே அரண்மனையின் சில பகுதிகளுக்குத் தீ வைத்துவிட்டு வெளியேறினார். சில நாட்களில் நகருக்குள் வந்த மஞ்சூரிய இளவரசர் டோர்கொன், அரசாட்சி நடத்துவதற்கு முதலில் அமர்ந்த இடமும் இதுதான். ஓடியவர் இறங்கிய இருக்கை ஆறும் முன்னே வந்தவர் அதில் அமர்ந்தார் என்று சொல்லலாம்.

மண்டபத்தின் உண்மையான பெருமை இதற்குப் பிறகே தொடங்குகிறது. மஞ்சூரியர் நிறுவிய சிங் வம்சத்தின் காங்ஷி பேரரசர் காலத்தில், 1680 இல், இங்கே புத்தகம் தயாரிக்கும் பணியிடம் ஒன்று நிறுவப்பட்டது. பிழை திருத்துவோர், பலகையில் எழுத்துச் செதுக்குவோர், அச்சிடுவோர், கட்டுவோர் எனப் பலர் இங்கே ஒரே வளவுக்குள் வேலை செய்தனர். இங்கிருந்து வெளிவந்த நூல்களை “மண்டபப் பதிப்பு” என்றே சீனர் அழைத்தனர். தாள், மை, எழுத்தின் ஒழுங்கு, பிழையின்மை ஆகியவற்றால் அந்தப் பெயருக்கு இன்றும் மதிப்பு உண்டு. அரசாங்கம் தன் நாட்டின் அறிவு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று தானே தீர்மானிக்க விரும்பியதால்தான் அச்சுக்கூடத்தைத் தன் மதிலுக்குள் வைத்துக்கொண்டது என்பது என் எண்ணம்.

அதற்கு இன்னொரு முகமும் இருந்தது. பேரன் சியான்லோங் பேரரசர் 1773 இல் நாடெங்கும் இருந்த நூல்களைத் திரட்டிச் “சிக்கு சுவான்ஷு” என்ற மாபெரும் தொகுப்பை உருவாக்க ஆணையிட்டபோது, அதே தேடலில் ஆட்சிக்கு எதிரானவை என்று கருதப்பட்ட 2,000 க்கும் மேற்பட்ட நூல்கள் தடை செய்யப்பட்டு, பெருமளவில் அழிக்கப்பட்டன. ஒரு கை அச்சிட்டது, மறு கை எரித்தது. இந்தப் பகுதியை வகுப்பில் விட்டுவிடாதீர்கள் என்பது ஓர் ஆசிரியனாக என் வேண்டுகோள்.

மறுமொழி 2: மட்டக்களப்பு நகரம், பழைய அச்சுக்கோப்பாளர்

ஐயா வரலாற்றைச் சொன்னார். நான் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். 22 வருடம் ஈய எழுத்துக் கோத்தவன் என்பதால், அந்த மண்டபத்தில் நடந்த வேலை எனக்குச் சொந்த வீட்டுக் கதைபோல இருக்கிறது.

சீனத்தில் பெரும்பாலான நூல்கள் முழுப் பக்கத்தையும் ஒரு பலகையில் செதுக்கித்தான் அச்சிடப்பட்டன. வூயிங் மண்டபம் இரண்டு முறை தனி எழுத்துக்களை முயன்று பார்த்தது. முதலாவது செப்பெழுத்து. 1726 தொடக்கம் 1728 வரை, 10,000 அத்தியாயங்கள் கொண்ட ஒரு கலைக்களஞ்சியத்தை அந்தச் செப்பெழுத்துக்களால் 60 சொச்சம் பிரதிகள் அச்சிட்டார்கள். பிறகு எழுத்துக்கள் கிடப்பில் கிடந்து களவுபோயின. காவலுக்கு இருந்தவர்கள் தண்டனைக்குப் பயந்து, நாணயம் வார்க்கச் செம்பு தேவைப்பட்ட நேரம் பார்த்து அவற்றை உருக்கிவிடலாம் என்று விண்ணப்பித்தார்கள். 1744 இல் எல்லாம் உருகிப்போயின. இதைப் பின்னாளில் சியான்லோங் பேரரசரே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். எழுத்தை உருக்கிக் காசாக்கிய அந்தச் செய்தியை முதன்முதலில் வாசித்த இரவில் எனக்கு நித்திரை வரவில்லை.

இரண்டாவது முயற்சி மர எழுத்து. கொரிய வம்சாவழியில் வந்த ஜின் ஜியான் என்ற அதிகாரி 1773 இல் பேரரசருக்குக் கொடுத்த கணக்கு, எந்த அச்சுக்கூட முதலாளிக்கும் உடனே விளங்கும். ஒரே ஒரு பெரிய வரலாற்று நூலைப் பலகையில் செதுக்குவதற்கு 2,675 பலகைகளும் சுமார் 1,450 தேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளியும் தேவை. அதே செலவில் 150,000 மர எழுத்துக்கள் செய்துவிட்டால், எத்தனை நூலை வேண்டுமானாலும் கோத்துக் கோத்து அச்சிடலாம். பேரரசர் ஒப்புக்கொண்டார். கடைசியில் இலந்தை வகை மரத்தில் ஏறத்தாழ 253,000 எழுத்துக்கள் வெட்டப்பட்டன. “உயிருள்ள எழுத்து” என்ற பழைய பெயர் அழகாக இல்லை என்று சொல்லி, “திரட்டிய முத்துக்கள்” என்ற பொருளில் புதுப் பெயரும் சூட்டினார். ஜின் ஜியான் முழுச் செய்முறையையும் படங்களோடு ஒரு கைந்நூலாக எழுதிவைத்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

அந்தக் கைந்நூலில் என்னைக் கட்டிப்போட்டது எழுத்து வைக்கும் அலுமாரி. 12 அலுமாரிகள், ஒவ்வொன்றிலும் 200 இழுப்பறைகள். எழுத்துக்களைக் காங்ஷி அகராதியின் வரிசைப்படி அடுக்கியிருந்தார்கள். 1716 இல் வெளிவந்த அந்த அகராதியில் 47,000 க்கும் மேற்பட்ட எழுத்துருக்கள் உண்டு. எங்கள் அச்சுக்கூடத்தில் என் முன்னால் சாய்த்து வைத்திருந்த கேஸ் எனும் எழுத்துப் பெட்டியில், அடிக்கடி வரும் “க”வும் “த”வும் கைக்கு நேரே பெரிய அறைகளில் கிடக்கும், “ஞ” போன்றவை மூலையில் சிறிய அறைகளில் இருக்கும். கண் தாளில் இருக்கும், கை தானாகவே போய் எடுக்கும். அங்கே அது முடியாது. ஒருவர் வேண்டிய எழுத்தை வாய்விட்டுச் சொல்ல, அலுமாரிக்குப் பொறுப்பானவர் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அச்சு முடிந்ததும் ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். எந்த அச்சுக்கூடத்திலும் மிகவும் கசப்பான வேலை இந்தத் திரும்பப் போடுதல்தான். ஒரே ஓர் எழுத்து மாறி விழுந்தால் அடுத்த நாள் கோக்கும் சொல் முழுவதும் பிழையாகிவிடும்.

இன்னொரு நுட்பம். சீன நூலின் பக்கத்தில் எழுத்து நிரல்களுக்கு இடையே மெல்லிய கோடுகள் ஓடும். எழுத்தையும் கோட்டையும் ஒரே சட்டத்தில் சேர்த்தால், கோடுகள் இணையும் மூலைகளில் இடைவெளி விழும். எங்களுக்கும் பித்தளைக் கோடுகளோடு இதே சண்டை இருந்தது. அவர்கள் கோடுகளை மட்டும் தனிப் பலகையில் செதுக்கி, முதலில் வெறும் தாள்களில் அச்சிட்டுக்கொண்டு, அதே தாள்களில் பிறகு எழுத்தை அச்சிட்டார்கள். அந்தப் பதிப்புகளில் மூலைகள் அவ்வளவு சுத்தமாகச் சேர்ந்திருப்பதற்கு அதுவே காரணம்.

மரத்துக்கு ஒரு குறையும் உண்டு. சீன மை தண்ணீர் கலந்தது. நனைந்தால் மரம் ஊதும், எழுத்துக்கள் உயரம் மாறி நிற்கும். 11 ஆம் நூற்றாண்டிலேயே ஷென் குவோ என்ற அறிஞர், களிமண்ணால் தனி எழுத்துச் செய்த பி ஷெங் மரத்தைத் தவிர்த்ததற்கு இதையே காரணமாகக் குறித்துவைத்திருக்கிறார். இருந்தும் வூயிங் மண்டபத்தில் மர எழுத்தால் 130 க்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்தன. பிற்காலத்தில் அந்த எழுத்துக்கள் கவனிப்பாரற்றுப்போய், குளிர்காலத்தில் காவலாளிகள் அவற்றை எரித்துக் குளிர்காய்ந்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. 1869 இல் மண்டபத்திலேயே பெருந்தீ மூண்டு, சேமித்து வைத்திருந்த நூல்களும் செதுக்கிய பலகைகளும் அழிந்தன. கட்டடத்தைத் திரும்பக் கட்டினார்கள். செதுக்கிய கைகளின் வேலையைத் திரும்பக் கட்ட முடியவில்லை.

மறுமொழி 3: அக்கரைப்பற்று, வியாபாரி

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். வியாபார விடயமாகச் சீனத்துக்குப் போய்வருபவன் என்பதால், டீச்சரின் மூன்றாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். இரண்டு முறை அந்த மண்டபத்துக்குள் நின்றிருக்கிறேன்.

1912 இல் முடியாட்சி முடிந்தது. ஆனால் சிறுவனாயிருந்த கடைசிப் பேரரசர் பூயி, குடியரசோடு செய்த உடன்பாட்டின்படி அரண்மனையின் பின்பகுதியில் தொடர்ந்து வாழ்ந்தார். முன்பகுதி அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அப்போது உள்நாட்டமைச்சராக இருந்த சூ சிசியான் முன்னின்று, ஷென்யாங் அரண்மனையிலும் செங்தே கோடை அரண்மனையிலும் இருந்த 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட அரும்பொருட்களைப் பீஜிங்குக்குக் கொண்டுவந்து, 1914 ஒக்டோபரில் வூயிங் மண்டபத்தில் பொதுமக்களுக்குத் திறந்தார். பொருட்களைப் பாதுகாக்க மண்டபத்துக்கு மேற்கே ஒரு களஞ்சியக் கட்டடமும் எழுந்தது. பொக்ஸர் கிளர்ச்சிக்காகச் சீனம் வெளிநாடுகளுக்குச் செலுத்திய இழப்பீட்டுத் தொகையில் அமெரிக்கா திருப்பிக் கொடுத்த பணம் அதற்கு உதவியது.

இதைக் கொஞ்சம் மனதில் நிறுத்திப் பாருங்கள். முன்வாசலால் சாதாரண மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு அரண்மனைக்குள் வருகிறார்கள், அதே மதில்களுக்குள் வடக்கே முன்னாள் பேரரசர் குடியிருக்கிறார். 1924 நவம்பரில் பூயி வெளியேற்றப்படும் வரை பத்து வருடங்கள் இந்த நிலைதான். 1925 ஒக்டோபர் 10 ஆம் திகதி அரண்மனை நூதனசாலை பிறந்தது. பின்னர் 1948 இல் வூயிங் மண்டபத்தில் தொடங்கிய காட்சிசாலையும் இந்த நூதனசாலையும் ஒரே நிறுவனமாயின. பலரும் அந்த அரண்மனை நூதனசாலையான வருடம் 1925 என்றுதான் சொல்வார்கள். என் பார்வையில் அந்தப் பெருமையின் தொடக்கம் வூயிங் மண்டபத்துக்கே உரியது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அரண்மனை முழுவதையும் செப்பனிடும் பெருந்திட்டம் தொடங்கியபோது, முன்னோடியாக எடுத்துக்கொண்ட கட்டடங்களில் இதுவும் ஒன்று. 2008 முதல் ஓவியங்களும் கையெழுத்துக் கலைப் படைப்புகளும் இங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. 2021 மே மாதத்தில் ஓவியங்கள் கிழக்கேயுள்ள வென்ஹுவா மண்டபத்துக்கும், அங்கிருந்த பீங்கான்கள் இங்கேயும் இடம் மாறின. நூதனசாலையிடம் சுமார் 3 இலட்சத்து 70 ஆயிரம் மட்பாண்டங்களும் பீங்கான்களும் உண்டு. அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த ஆயிரம் அளவிலானவை, கற்கால மண்சட்டி தொடங்கிக் காலவரிசைப்படி வைக்கப்பட்டுள்ளன. மிங் காலத்து நீல வெள்ளைக் கிண்ணம் ஒன்றின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். நீலம் தூரிகையின் அழுத்தம் கூடிய இடங்களில் கறுத்து, இரும்புத் துருப் புள்ளிபோல வெள்ளைக்குள் இறங்கியிருந்தது. அந்தக் குறை அதை வரைந்தவரின் கை எங்கே நின்று எங்கே நகர்ந்தது என்று காட்டிக்கொடுத்தது.

டீச்சரின் தம்பி மறுமுறை போகும்போது, பின்பக்கம் வடமேற்கு மூலையில் உள்ள யூதே கூடத்தைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். அதன் பின்னால் வெள்ளை மெருகோடு பதித்த, குவிமாடக் கூரையுள்ள சிறிய அறை ஒன்று இருக்கிறது. பார்த்தால் ஹம்மாம் எனும் நீராவிக் குளியலறை போன்ற அமைப்பு. மேற்கிலிருந்து வந்த ஓர் அரசிக்காகக் கட்டிய குளியலறை என்பது மக்கள் வழக்கு. அச்சுக்குரிய தாளை ஆவியில் பதப்படுத்திய இடம் என்று கருதுவோரும் உண்டு. வளவு முழுவதும் புத்தக வேலை நடந்த இடம் என்பதால் நான் இரண்டாவதன் பக்கம்தான் சாய்வேன்.

போகும் வழி இலகுவானது. கடவுச்சீட்டு இலக்கத்தோடு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். திங்கட்கிழமை பொதுவாக மூடியிருக்கும். தெற்கே வூமென் வாயிலால் நுழைந்ததும் எல்லாரும் நேரே சிம்மாசன மண்டபத்தை நோக்கி நடப்பார்கள். அவர்களோடு போகாமல் இடப்பக்கம் திரும்பி, மேற்கு வாயிலைக் கடந்தால் அந்த மூன்று பாலங்களும் தெரியும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: ஆரையம்பதி ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன காலிக் கல்வெட்டிலிருந்து பாடத்தைத் தொடங்கப் போகிறேன்.

ஒன்றை மட்டும் மனம் ஏற்க மறுக்கிறது. இருநூறு வருட அளவு புத்தகம் பிறந்த இடத்தில் இன்று பீங்கான் இருப்பது சரியா? எங்கள் கோட்டையில் கச்சேரி இருந்த காலத்தில் ஒரு காணி உறுதிக்கோ ஓய்வூதியத்துக்கோ போனவர்கள் அந்த மதிலைத் தொட்டுப் பழகியிருந்தார்கள், என் அப்பாவுக்கும் அது பீரங்கி இருந்த இடமாக அன்றி அலுவல் பார்க்கும் இடமாகத்தான் தெரியும். பயன்பாடு மாறும்போது பழைய பயன்பாட்டின் நினைவு எங்கே போய்விடுகிறது?

மறுமொழி: பெரியகல்லாறு, ஓய்வுபெற்ற ஆசிரியர்

மகள், வெளிச்சமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட வேண்டிய பழந்தாள்களை நிரந்தரமாகக் காட்சிக்கு வைக்க முடியாது. பீங்கான் தாங்கும். அந்த வகையில் மாற்றம் நியாயமானது. ஆனால் உங்கள் கேள்வியின் மறுபாதியை நான் ஏற்கிறேன். முடிசூடிய ஒரு நாளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், எழுத்துச் செதுக்கியவர்களில் ஒருவரின் பெயரும் நம் நாவில் இல்லை. உங்கள் மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கட்டியவர் போன பிறகு கட்டடம் அதில் வேலை செய்தவர்களுடையதாகிறது. கோட்டைக்கு அடுத்த முறை போகும்போது, கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள்.

மறுமொழி: மட்டக்களப்பு நகரம், பழைய அச்சுக்கோப்பாளர்

அச்சுக்கோத்தவரும் வேண்டுமென்றால் நானும் வருகிறேன், டீச்சர். அச்சுக்கூடம் மூடிய அன்று முதலாளி எனக்குத் தந்த ஒரு கேஸும், எழுத்துக்களைக் கையில் வைத்து வரிசையாகக் கோக்கும் ஒரு ஸ்டிக்கும் வீட்டில் இருக்கின்றன. பிள்ளைகளை ஆளுக்கொரு முறை “மட்டக்களப்பு” என்று கோக்கச் சொல்லலாம். எட்டு எழுத்துத்தான், ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைகீழாக வாசித்துப் பழகும் வரை “ட்” எது, “ட” எது என்று விரல் தடுமாறும். முடிந்ததும் எட்டையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். பாடசாலையில் எந்த நாள் வசதி என்று மட்டும் சொல்லுங்கள்.